கல்வி உளவியல்: "டெட்டுக்கு முப்பது மார்க், அதுக்குத்தானே மேடம்?"

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். தேனிப் பக்கம் ஒரு பி.எட். கல்லூரியில் முதலாண்டுக்குக் கல்வி உளவியல் எடுக்கிறேன். இங்கே பள்ளி ஆசிரியர்கள், டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதுகிறவர்கள், கல்வியியல் கல்லூரிக்காரர்கள் எல்லாரும் இருப்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வகுப்பில் எம்.எஸ்சி. கணிதம் முடித்தவர்கள் இருக்கிறார்கள். தமிழ் இலக்கியம், ஆங்கிலம், விலங்கியல் படித்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். கல்யாணமாகி, பிள்ளையைப் பால்வாடியில் விட்டுவிட்டு, போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்களும் உண்டு. யாரும் சோம்பேறி இல்லை. பாடத்திட்டம் எழுதச் சொன்னால் ராத்திரி உட்கார்ந்து சார்ட் ஒட்டி எடுத்து வருகிறார்கள். உளவியல் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் ஒரு அலுப்பு வந்துவிடுகிறது.

முதல் வாரமே ஒருவர் சொல்லிவிட்டார்: "டெட்டுக்கு முப்பது மார்க், அதுக்குத்தானே மேடம்? அதுக்கு வேண்டியதை மட்டும் நடத்திடுங்க." கணிதப் பிள்ளைகளுக்கு வேறு குறை. ஒரே கேள்விக்கு ஆறு பேர் ஆறு கோட்பாடு சொல்கிறார்களே, எதுதான் சரியான விடை என்று கேட்கிறார்கள். இன்னும் சிலருக்கு இது தெரிந்த விஷயம். "பாராட்டினா படிக்கும், திட்டினா படிக்காது. இதுக்கு எதுக்கு ஒரு தாள்?" தண்டனை பற்றிய பகுதி வந்தால் "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று பின்வரிசையில் ஒரு குரல் எழும், பாதி வகுப்பு தலையாட்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனம் நோகடிப்பதையும் தடை செய்கிறது என்றால், "சட்டம் அப்படித்தான் மேடம் சொல்லும்" என்பார்கள். சட்டம் வந்தது 2009இல். இவர்களில் பலர் அதற்குப் பிறகு ஆறாம் வகுப்புக்குப் போனவர்கள், பிரம்படியும் வாங்கியவர்கள். அவர்களுடைய அனுபவம் அவர்களுக்குச் சாட்சி. டான் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975இலேயே எழுதியிருக்கிறார்: ஆசிரியராக வருகிறவர் வேலைக்குச் சேரும் முன்பே ஆயிரக்கணக்கான மணி நேரம் அந்த வேலையை எதிர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர். அதனால் பயிற்சிக் கல்லூரி சொல்வது அவர் காதில் லேசில் ஏறாது என்று.

இவ்வளவும் எனக்குப் பழகிவிட்டது. மாதிரித் தேர்வுத் தாள் திருத்தும்போது கண்ணில் படுகிற ஒன்றுதான் தாங்க முடியவில்லை. "பாவ்லோவின் ஆக்கநிலையுறுத்தக் கோட்பாட்டை விளக்கி, அதன் கல்விசார் பயன்பாடுகளை எழுதுக." முதல் ஒன்றரைப் பக்கம், மணியடித்து உணவு கொடுத்துப் பழக்கிய நாய்க்குப் பிறகு மணிச் சத்தத்துக்கே உமிழ்நீர் ஊறியது படத்தோடு பிசகில்லாமல் இருக்கும். அடுத்து "கல்விசார் பயன்பாடுகள்" என்று அடிக்கோடிட்டு, "ஆசிரியர் மாணவர்களின் தனியாள் வேறுபாடுகளை அறிந்து கற்பிக்க வேண்டும். மாணவர்களை ஊக்கப்படுத்த வேண்டும். எளிமையிலிருந்து கடினத்திற்குச் செல்ல வேண்டும். துணைக்கருவிகளைப் பயன்படுத்த வேண்டும்." அடுத்த கேள்வி தார்ண்டைக். பூனை, புதிர்ப்பெட்டி, முயன்று தவறிக் கற்றல் எல்லாம் சரியாக இருக்கும். கீழே அதே நான்கு வரி. அதற்கடுத்து கோலர். டெனரிஃப் தீவு, சுல்தான் என்ற சிம்பன்ஸி, எட்டாத பழத்தை இழுக்க அது ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு குச்சி. கீழே மறுபடியும் அதே நான்கு வரி. மார்க்கும் கிடைத்துவிடுகிறது, ஏனென்றால் விடைக்குறிப்பிலும் ஏறக்குறைய அதுவேதான் இருக்கிறது.

நாய்க்கும் பூனைக்கும் குரங்குக்கும் நடந்தது வேறு வேறு என்று தெரிந்துகொண்ட பிள்ளை, மூன்றையும் படித்துவிட்டு வகுப்பறையில் செய்ய வேண்டியது ஒன்றேதான் என்று எழுதினால், அந்தப் பாடத்தை அவர் ஒரு நாளும் நம்பவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இத்தனைக்கும் முதல் வகுப்பில் ஒரு தாளைக் கொடுத்து, "பள்ளியில் நீங்கள் பயந்த ஒரு பாடத்தைப் பற்றியும் ஏன் பயந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்" என்று கேட்டிருந்தேன். ஒரு பெண் எழுதியிருந்தாள்: எட்டாம் வகுப்புக் கணக்கு சார் புல்லட்டில் வருவார், கேட்டுக்குள் அந்தச் சத்தம் நுழைந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும், இப்போதும் ரோட்டில் புல்லட் போனால் கை சில்லிடுகிறது என்று. பாவ்லோவின் மணியை இதைவிடத் துல்லியமாக யார் எழுத முடியும்? அதே பெண்ணின் தேர்வுத் தாளிலும் "துணைக்கருவிகளைப் பயன்படுத்த வேண்டும்" என்றுதான் இருந்தது. தான் எழுதிய புல்லட்டுக்கும் தான் வரைந்த மணிக்கும் உறவு உண்டு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

இந்த இரண்டையும் சேர்த்துவைக்க என்ன வழி? வீடியோ போடுங்கள், விளையாட்டு நடத்துங்கள் என்ற யோசனை எனக்கு வேண்டாம். கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்குப் போனதும் தானாகப் புரியும் என்கிறார்கள். அது இரண்டாம் ஆண்டு. அதற்குள் இந்தத் தாள் எழுதி முடிந்துபோகும். முதலாண்டிலேயே, தேர்வுக்கும் குந்தகம் இல்லாமல் யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

தொண்ணூறு எடுக்கணும்

மேடம், அந்த முப்பது மார்க் கூட்டத்துல நானும் ஒருத்தன். அதனால எங்க பக்கத்தையும் சொல்லிடுறேன்.

பி.எட். முடிச்சிட்டு டெட் இரண்டாம் தாளுக்குப் படிச்சிட்டு இருக்கேன். மொத்தம் 150, அதுல பொதுப் பிரிவுக்கு 90 எடுத்தாகணும். எனக்கு சமூக அறிவியல் 60, தமிழ் 30, ஆங்கிலம் 30, குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30. ஆங்கிலத்துல பாதிய தாண்டுறதே எனக்குப் பெரும்பாடு. அத எங்க போய் ஈடுகட்டுறது? உளவியல்லதான். அதனால இந்தப் பாடம் எங்களுக்குப் பிடிக்காதுன்னு நினைக்காதீங்க. ரொம்ப வேண்டிய பாடம். ஆனா வேண்டியது விடை மட்டும்தான். "பருப்பொருள் செயல்நிலைக்குரிய வயது எது?" ஏழுலருந்து பதினொன்னு, டிக். கோச்சிங் சென்டர்ல வரிசையா சொல்லி மனப்பாடம் ஆக்கிவிட்டுருவாங்க. ரெண்டு வருஷம் ஃபீஸ் கட்டின வீட்டுல தினமும் கேக்குற கேள்வி "நோட்டிஃபிகேஷன் எப்ப வருது"ன்னுதான். அந்த நிலைமையில ஒருத்தன் மார்க் கணக்குப் போடுறத குறைன்னு சொல்ல முடியாது மேடம்.

ஆனா நீங்க கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது கண்ணாடி வரைதல் சோதனை. நிறைய பேர் சீனியரோட ரெக்கார்டைப் பாத்து எழுதிடுவாங்க, எண்ணெல்லாம் அப்படியே இருக்கும். எங்க சார் அதுக்கு விடல. அலமாரியத் திறந்து அந்தப் பெட்டிய எடுத்து, தூசி தட்டி, ஒவ்வொருத்தரையா உக்கார வச்சார். ரெண்டு கோட்டுல ஒரு நட்சத்திரம். நம்ம கைய நேரா பாக்க முடியாம ஒரு தட்டு மறைக்கும். எதிர்ல இருக்குற கண்ணாடியில பாத்து, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல பென்சில் போகணும். கோட்டைத் தொட்டா பிழை.

முனை வரைக்கும் ஒழுங்கா வந்தேன். திரும்புற இடத்துல பென்சில் நகரல. மேல போகணும்னு நினைக்கிறேன், கை கீழ போகுது. அங்கேயே முன்னும் பின்னும் கிறுக்கி ஒரு கருப்பு முடிச்சு விழுந்துருச்சு. பக்கத்துல நிக்கிற பொண்ணு "அட இப்படித் திருப்புப்பா"ன்னு சொல்லிட்டே இருக்கா, எனக்கு அழுகையே வர்ற மாதிரி கோபம். எம்.ஏ. முடிச்சவன், ஒரு கோடு போட முடியல. அப்ப சார் மெதுவா, "ஒன்னாங்கிளாஸ்ல 'ஞ' எழுதுற பிள்ளைக்கு இப்படித்தான் இருக்கும். பக்கத்துல நின்னு இப்படித் திருப்புன்னு கத்துறது நாமதான்"னு சொன்னார்.

அந்தப் பரிசோதனைக்கு எத்தனை மார்க் வந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்ல. டெட்ல அதுலருந்து ஒரு கேள்வியும் வராது. ஆனா அக்கா மகனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்குடுக்கையில நான் பக்கத்துல நின்னு கத்துறது இல்ல.

ஆறாம் வகுப்பு பி

வைகைக்கரை மேடம், வணக்கம். நான் அரசு நடுநிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியை. 2025 செப்டம்பர் 1இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கிற, டெட் எழுதாமல் முன்பே பணிக்கு வந்த எங்களைப் போன்றவர்களும் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும். எங்கள் ஆசிரியர் அறையில் இப்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கல்வி உளவியல் புத்தகம்தான். தீர்ப்பு நியாயமா என்ற பேச்சு வேறு இழையில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குள் போகவில்லை.

பி.எட். படித்த காலத்தில் இந்தப் பக்கங்களில் எனக்குப் பெயர்கள்தான் கிடைத்தன. இப்போது ஒரு பத்தி படித்தால் ஒரு பிள்ளை நினைவுக்கு வருகிறது. "முன்னறிவோடு பொருந்தாத புதிய செய்தி" என்று வாசித்ததும், பின்னங்களைக் கூட்டச் சொன்னால் மேலே மேலே, கீழே கீழே கூட்டி வைத்த ஒருத்தி. அவள் கூட்டலைத் தப்பாகக் கற்கவில்லை. நான்கு வருடமாக நாங்கள் சொல்லிக்கொடுத்த கூட்டலைத்தான் அங்கேயும் செய்தாள். ஆகவே பிள்ளைகளை முன்னால் பார்த்துவிட்டால் இந்தப் பாடம் பிடிக்கும். உங்கள் மாணவர்களிடம் பிள்ளைகள் இல்லை. பிள்ளைகளை அழைத்து வர முடியாவிட்டால், பிள்ளைகளின் நோட்டை எடுத்து வரலாம். என் யோசனை அதுதான்.

ஒரு மூன்றாம் வகுப்பு நோட்டிலிருந்து சொல்கிறேன்.

52 − 27 = 35
61 − 38 = 37
40 − 16 = 36

மூன்றுக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, "கவனம் தேவை" என்று எழுதியிருந்தது. அந்தப் பையனுக்குக் கவனம் வேண்டிய மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு நிரலிலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கிறான். இரண்டிலிருந்து ஏழு போகாது, ஆகவே ஏழிலிருந்து இரண்டைக் கழிக்கிறான். பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்க முடியும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த விதியை அவன் ஒரு இடத்திலும் மீறவில்லை.

உங்கள் வகுப்பில் இந்த மூன்று கணக்கை மட்டும் கரும்பலகையில் எழுதிப்போடுங்கள். கோட்பாடு ஒன்றும் சொல்லாதீர்கள். "இதே பையனிடம் 73 − 48 கொடுத்தால் என்ன விடை எழுதுவான்?" என்று கேளுங்கள். 25 என்று சொல்கிறவர்கள் கணக்கைப் பார்க்கிறார்கள். 35 என்று சொல்கிறவர்கள் பையனைப் பார்க்கிறார்கள். ஒரே விடை இல்லையே என்று குறைப்படுகிற உங்கள் எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு இங்கே ஒரே விடைதான் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த சந்தோஷம் அவர்கள் முகத்தில் தெரியும். பள்ளிக்குப் பயிற்சிக்கு வரும் மாணவ ஆசிரியர்களிடம் நான் இதைச் செய்கிறேன். தப்புக் கணக்கைப் பார்த்தால் அதன் பிறகு அவர்கள் உடனே பேனாவை எடுப்பதில்லை.

பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை வயதுவாரியாக நிலைகளாகப் பிரித்த பியாஜே தொடங்கியதும் இங்கேதான். பாரிஸில், நுண்ணறிவுத் தேர்வை உருவாக்கிய பினே தொடங்கிய ஆய்வுக்கூடம் இருந்த பள்ளியில் பிள்ளைகளுக்கான தேர்வுகளைச் சீர்செய்கிற வேலைக்குப் போனவர், சரியான விடைகளை எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரே வயதுப் பிள்ளைகள் ஏன் ஒரே மாதிரி தப்பு செய்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார். வயதுப் பட்டியலெல்லாம் பிறகு வந்தது. எங்கள் புத்தகங்களில் பட்டியல் முதல் பக்கத்தில் இருக்கிறது, அந்த விசாரணை எந்தப் பக்கத்திலும் இல்லை. கோபமாக வருகிறது.

இன்னொன்று. ஆறாம் வகுப்பு முதல் பருவத்திலேயே இயற்கணித அறிமுகம் வருகிறது. தீக்குச்சியை அடுக்கி, ஒன்று, இரண்டு, மூன்று என்று போய், எழுத்தைப் போடுகிற இடத்துக்கு வரும்போது பாதிப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். குச்சி கையில் இருக்கும்வரை எல்லாருக்கும் வரும். குச்சி போய் எழுத்து வந்ததும் "எக்ஸ்னா எத்தனை டீச்சர்?" என்பார்கள். பதினொரு வயது. உங்கள் பாடத்தில் பருப்பொருள் செயல்நிலை, அதாவது கையிலுள்ள பொருளை வைத்து யோசிக்கிற நிலை, முடிந்து அடுத்த நிலை தொடங்குகிற கோடு அந்த வயதில்தான் போகிறது. அந்தக் கோட்டை டிக் அடிக்கத் தெரிந்தவர், அதே கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிற நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போகிறார் என்பதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

பழைய விரிவுரையாளர்

அம்மா, நானும் நெடுங்காலம் இதே பாடத்தை நடத்தி ஓய்வு பெற்றவன். பி.எட். ஒரு வருடமாக இருந்த காலத்தையும் பார்த்தேன், 2015இல் இரண்டு வருடமானதையும் பார்த்தேன். பதினாறு வார உள்ளுறைப் பயிற்சி இரண்டாம் ஆண்டுக்குப் போனதும், முதலாண்டுக் கோட்பாடு இன்னும் தூரமாகப் போய்விட்டது என்பது உண்மை. மேலே சகோதரி சொன்ன நோட்டு யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு.

மாணவர்களுக்குப் பாடம் பிடிக்கிறதா என்பதைக் குறியாக வைக்காதீர்கள். என் அனுபவத்தில் இந்தப் பாடத்தில் எல்லாருக்கும் பிடித்த பகுதி எது தெரியுமா? கண்ணால் பார்த்துக் கற்பவர், காதால் கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிக்கிற கற்றல் பாணி. வகுப்பே கலகலக்கும், ஒவ்வொருவரும் தான் எந்த வகை என்று சொல்வார்கள், தேர்விலும் அழகாக எழுதுவார்கள். அந்தப் பிரிவினைப்படி பாடம் நடத்தினால் கற்றல் கூடுகிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று 2008இல் பாஷ்லரும் மற்ற மூன்று உளவியலாளர்களும் ஆய்வுகளையெல்லாம் அலசிச் சொல்லிவிட்டார்கள். நம் கைடுகளில் அது இன்னும் வாழ்கிறது. மாணவர் விரும்புகிறார் என்பது பாடம் இறங்கியதற்கு அடையாளமாகாது.

நான் கடைப்பிடித்தது, எதையும் சொல்லும் முன் "என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று எழுதி வாங்குவது. நினைவு, மறத்தல் அலகுக்கு ஒன்றைச் சொல்கிறேன். ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட சோதனை. கல்லூரி மாணவர்களுக்கு ஒரு உரைநடைப் பகுதி. ஒரு குழு அதை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து மூன்று முறை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. இதோடு நிறுத்தி, "ஒரு வாரம் கழித்து?" என்று உங்கள் மாணவர்களைக் கேளுங்கள். இடைவெளி இன்னும் கூடும் என்பார்கள். நடந்தது தலைகீழ். படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. அந்தச் சோதனையில் பங்கெடுத்த மாணவர்களிடமே முன்கூட்டிக் கேட்டிருந்தார்கள். நான்கு முறை படித்தவர்கள்தான் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பினார்கள்.

"இதெல்லாம் தெரிந்ததுதானே" என்கிற பிள்ளை தன் கைப்பட எழுதிக் கொடுத்த விடை தன் முன்னாலேயே தவறிப்போவதைப் பார்த்தால், அடுத்த அலகை வேறு மாதிரி கேட்பார். தண்டனைக்கும் இதையே செய்யுங்கள். பழமொழியோடு வாதாட வேண்டாம். "அடி விழுந்த பிறகு அந்தப் பையன் எதை நிறுத்துவான், எதைக் கற்பான்?" என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். நிறுத்துவது என்ற பத்தியில் எழுத ஆள் இருக்கும். கற்பது என்ற பத்தியில் "ஆசிரியர் வரும்போது ஒளிந்துகொள்ள" என்று அவர்களே எழுதுவார்கள். உங்கள் புல்லட் பெண் ஏற்கெனவே எழுதியும் விட்டாள்.

தம்பி கண்ணாடி வரைதலைச் சொன்னார், நல்லது. அந்த நட்சத்திரத்துக்குப் பெரிய சரித்திரம் உண்டு, ரெக்கார்டு நோட்டில் யாரும் எழுதமாட்டார்கள். 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை செய்துகொண்ட ஒருவர், எச்.எம். என்று மருத்துவ உலகம் அழைத்தவர், புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாமல் போனார். பிரெண்டா மில்னர் அவரை மூன்று நாள் இதே கண்ணாடி நட்சத்திரத்தை வரையச் சொன்னார். ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முதல் முறைதான், முன்பு செய்த ஞாபகமே கிடையாது. பிழைகள் மட்டும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தன. கைக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. நினைவு ஒரே வகை இல்லை என்பதற்கு அது முதல் சாட்சிகளில் ஒன்று. பெட்டியை அலமாரியிலிருந்து எடுக்கிற அன்றைக்கு இதைச் சொல்லிவிட்டு எடுங்கள்.

வைகைக்கரை

மூவருக்கும் நன்றி. தம்பி, உங்கள் மார்க் கணக்கை நான் குறைவாக நினைக்கவில்லை. என் வகுப்பிலும் அதே வீடுகளிலிருந்துதான் வருகிறார்கள். உங்கள் சார் அந்தப் பெட்டியைத் தூசி தட்டினாரே, எங்கள் கல்லூரியிலும் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. சாவி கேட்டிருக்கிறேன்.

ஐயா சொன்ன இரண்டு பத்தியை இன்றைக்கே செய்தேன். "நிறுத்துவான்" பக்கத்தில் சேட்டை, பேச்சு, ஊர் சுற்றல். "கற்பான்" பக்கத்தில் முதலில் யாரும் எழுதவில்லை. பிறகு அந்தப் பழமொழி சொல்கிற பையனே எழுந்து, "பொய் சொல்லக் கத்துக்குவான் மேடம், நான் அப்படித்தான் கத்துக்கிட்டேன்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவன் மனம் மாறிவிட்டதாக நான் சொல்லவில்லை, அடிக்காமல் எப்படிச் சமாளிப்பது என்று அடுத்த நிமிடமே கேட்டான். நியாயமான கேள்வி. அதற்கு நான் விடை கொண்டு போயாக வேண்டும்.

கல்விசார் பயன்பாடுகளுக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கோட்பாட்டின் கீழும் ஒரு பிள்ளையாவது வர வேண்டும், அந்தப் பிள்ளைக்குச் செய்கிற காரியம் வேறொரு கோட்பாட்டின் கீழ் பொருந்தக் கூடாது. பல்கலைக்கழகத் தேர்வில் அப்படி எழுதினால் மார்க் குறையுமோ என்று பயந்தார்கள். கேட்ட நான்கு வரியை எழுதிவிட்டு ஐந்தாவதாக இதை எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஆறாம் வகுப்பு பி டீச்சர், கணக்கு நோட்டு கணிதப் பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிபடும். என் வகுப்பில் பாதிப் பேர் தமிழும் ஆங்கிலமும். தமிழ் நோட்டில் இப்படி ஒன்று இருக்குமா?

ஆறாம் வகுப்பு பி

இருக்கிறது மேடம். எங்கள் நான்காம் வகுப்பு டீச்சரிடம் கேட்டு இப்போதுதான் வாங்கிப் பார்த்தேன். சொல்வதை எழுதுதல். ஒரு பையன் எழுதியிருப்பது: மளை, பளம், கோளி, கிளவி. உடனே உச்சரிப்புச் சரியில்லை என்று சொல்லத் தோன்றும். நம் பக்கத்தில் பேசுவதே அப்படித்தான், அவன் காதில் விழுந்ததை ஒழுங்காக எழுதியிருக்கிறான். பள்ளி, வெள்ளி, தோள் எல்லாம் பிழையில்லாமல் இருக்கிறது.

இனி உங்கள் தமிழ்ப் பிள்ளைகளைக் கேளுங்கள்: இதே பையன் "தமிழ்" என்ற சொல்லை எப்படி எழுதியிருப்பான்? "தமிள்" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். "தமிழ்" என்று சரியாக எழுதியிருக்கிறான். பாடப்புத்தக அட்டையில் தினமும் பார்க்கிற சொல். ஆக, சில சொற்களைக் காதால் எழுதுகிறான், சிலவற்றைக் கண்ணால் எழுதுகிறான். எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று பிரித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அவனுக்கு "ழ" பயிற்சி எங்கிருந்து தொடங்குவது என்பது அதிலேயே கிடைத்துவிடும்.

கணக்கு நோட்டு, தமிழ் நோட்டு இரண்டிலிருந்தும் பக்கங்களைப் படமெடுத்துத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். பெயர் இருக்கிற அட்டை இல்லாமல், உள்பக்கம் மட்டும். சிவப்பு மை படாத பக்கங்களாகத் தேடி எடுக்கிறேன், பெருக்கல் குறி இருந்தால் அவர்கள் கண் முதலில் அதற்குத்தான் போகும்.